ஜாக் மட்டும் ஏன் வளைகிறது? சீட்டுக்கட்டு அனுபவங்கள்

டர்பனிலிருந்து:

தென்னாப்பிரிக்காவில் இந்த ஊரில் தூனி என்கிற சீட்டாட்டம் ஆடாத தமிழ்க் குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்யாண வீடு. நலங்கு முடிந்து பெண்கள் உள்ளே போனதும் கராஜில் மேசை போட்டாச்சு. நடுராத்திரி நெருங்கும்போது ஒரே சத்தம். மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருத்தன் கையிலிருந்த சீட்டை மேசையில் எறிந்துவிட்டு, "கட்டுல குறி இருக்கு மாமா, நான் ஆடல" என்று எழுந்துவிட்டான். நான் பொழுதுபோக்காக மேஜிக் செய்கிறவன் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். "நீயே பாத்துச் சொல்லுப்பா" என்று கட்டு என்னிடம் வந்தது.

குறி, அதாவது முதுகைப் பார்த்தே எந்தச் சீட்டு என்று காட்டிக்கொடுக்கும் அடையாளம், இருக்கிறதா என்று பார்க்கப் பழைய வழி ஒன்று உண்டு. முதுகுப்பக்கம் நம்மைப் பார்க்கிற மாதிரி கட்டைப் பிடித்து, ஓரத்தைக் கட்டைவிரலால் சரசரவென்று விட வேண்டும். எல்லா முதுகும் ஒரே அச்சாக இருந்தால் டிசைன் அசையாமல் நிற்கும். ஏதோ ஒரு சீட்டில் பூவின் இதழை மையால் அடைத்திருந்தாலோ, கோட்டைச் சுரண்டி எடுத்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் துள்ளும். அன்று டிசைனில் எதுவும் துள்ளவில்லை. மூலையில் துள்ளியது. அந்தச் சீட்டுகளை உருவித் திருப்பினால், ஜாக் எல்லாம் அதில் இருக்கிறது, கூட ஒன்றிரண்டு ஒன்பதும். மூலை லேசாக மேல்நோக்கி வளைந்து, ஓரத்து வெள்ளை அழுக்கேறிப் பழுப்பாகியிருந்தது.

யாரும் உட்கார்ந்து செய்த வேலை இல்லை அது. தூனிக்கு 24 சீட்டுதான். ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஜாக் கையில் வந்தவன் அதை மெதுவாகவா வைப்பான்? மேசை அதிர அறைவான். ராணியை அப்படி அறைந்த ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை. ஒரே கட்டு நாலு விசேஷ வீடு சுற்றி வந்தால் ஜாக் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். டர்பன் புழுக்கமும் பிரியாணி தின்ற கையும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அதற்காகப் பையனுக்கு வந்த சந்தேகம் கிறுக்குத்தனம் என்று சொல்ல மாட்டேன். ஏமாற்ற நினைக்கிறவனுக்கு இவ்வளவு வசதியான ஆட்டம் வேறு கிடையாது. 52 சீட்டிலும் குறி போட்டு, அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்; நாலு ஜாக், நாலு ஒன்பது, எட்டே சீட்டு போதும். அதிலும் முதலில் ஆளுக்கு நாலு போட்டு, துருப்பு முடிவான பிறகுதான் மீதி ரெண்டு வரும். அந்த நாலில் எதிராளிக்கு ஜாக் இருக்கா இல்லையா என்று தெரிந்தால் பாதி ஆட்டம் கையில்.

புதுக் கட்டைப் பிரித்தார்கள். பையன் அதிலும் தோற்றான், சமாதானம் மட்டும் ஆகவில்லை. உங்கள் பக்கத்துக் கதைகளையும் எழுதுங்கள்.

கேப் டவுனிலிருந்து:

எங்கள் வீட்டுக் கதை வேறு மாதிரி. இங்கே காலேஜ் ஆஃப் மேஜிக் 1980 முதல் பிள்ளைகளுக்கு வித்தை சொல்லிக்கொடுக்கிறது. அங்கே படிக்கிற தோழனைப் பார்த்து என் அக்கா மகனுக்கும் ஆசை வந்து, சரிவாக வெட்டிய கட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தான். ஒவ்வொரு சீட்டும் ஒரு முனையில் மயிரிழை குறுகலாக இருக்கும். எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்வரை வித்தியாசமே தெரியாது. ஒரு சீட்டைத் திருப்பிச் சொருகினால் அதன் அகலமான முனை மற்றதன் குறுகிய முனைக்கு நடுவே வரும்; கண்ணை மூடிக்கொண்டு உருவிவிடலாம்.

பையன் இல்லாத நேரம் எங்கள் சித்தப்பா அந்தக் கட்டை எடுத்து, தூனிக்கு 24 சீட்டைப் பொறுக்கி ஆட உட்கார்ந்துவிட்டார். ரெண்டு கை ஆடியதும் சீட்டுகள் தலைகீழாகக் கலந்துபோயின. மனிதர் கட்டை மேசையில் தட்டுகிறார், நேராக வரவில்லை. திருப்பித் தட்டுகிறார், மறுபக்கம் பல்லை இளிக்கிறது. "சைனா மாலு, இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து ஆடினார். விரலுக்கு அடியில் ஒவ்வொரு சீட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, அவருக்குக் கேட்கவில்லை.

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து:

சில காலம் காசினோவில் சீட்டுப் போட்டவன் நான் (எந்த இடம் என்று கேட்காதீர்கள்). சீட்டைத் தொடாமலே குறி கிடைக்கும் என்பதை அங்கேதான் பயிற்சியில் சொன்னார்கள். முதுகு டிசைன் ஓரம்வரை ஓடுகிற சீட்டுகளை வெட்டும்போது கொஞ்சம் தள்ளிப்போனால், ஒரு ஓரத்தில் முழுக் கட்டமும் எதிர் ஓரத்தில் அரைக் கட்டமுமாக நிற்கும். வேண்டிய சீட்டை மட்டும் 180 டிகிரி திருப்பிவிட்டால் போதும், அடுத்த முறை ஓரத்தைப் பார்த்தே அது தெரிந்துவிடும்.

2012-ல் லண்டன் கிராக்ஃபோர்ட்ஸ் காசினோவில் ஃபில் ஐவி என்கிற போக்கர் ஆட்டக்காரர் இதை வைத்துத்தான் புன்டோ பான்கோ என்ற சீட்டாட்டத்தில் 77 லட்சம் பவுண்டு ஜெயித்தார். கூட இருந்த பெண் ராசி பார்க்கிற மாதிரி பேசி, சீட்டுப் போட்டவரையே அந்த ஆட்டத்தில் மதிப்பு அதிகமான 7, 8, 9 சீட்டுகளைத் திருப்பி வைக்கச் செய்தார். கலைப்பது மெஷின் என்பதால் திரும்பியது திரும்பினபடியே இருந்தது. காசினோ பணம் தர மறுத்தது. 2017-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் அது ஏமாற்றுதான் என்று தீர்ப்புச் சொன்னது. எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது. கண் கூர்மையாக இருப்பது அவரவர் திறமை, ஆனால் சீட்டைத் திருப்பி வைக்கச் சொன்ன இடத்தில் கை நுழைந்துவிட்டதே.

கல்யாண வீட்டுக்காரர்களுக்கு ஒன்று: கலைக்கும்போது பாதிக் கட்டை அரைச் சுற்றுத் திருப்பிவிட்டுச் சேருங்கள். இந்த மாதிரி ஓர வேலை அதிலேயே செத்துப்போகும். சரிவுக் கட்டும் சித்தப்பாவிடம் மாட்டிக்கொண்டது போல வெளியே வந்துவிடும். மூலை வளைந்த ஜாக்குக்கு மட்டும் இது உதவாது, அதற்குப் புதுக் கட்டுதான்.

டர்பனிலிருந்து மறுபடி:

சித்தப்பா கதைக்கு நன்றி, சிரித்து மாளவில்லை. ஜோஹன்னஸ்பர்க் அண்ணனுக்கு ஒரு கேள்வி. உங்கள் ஊர் மேடு, காற்று வறட்சி. இங்கே நான் மேஜிக்குக்காகச் சீட்டின் முதுகில் மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்து, ரெண்டு ரெண்டாக முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும்படி சொரசொரப்பாக்குகிறேன். விரலை லேசாக அழுத்தினால் ஒட்டியே வரணும், விட்டால் பிரியணும். குளிர்காலத்தில் செய்தது ஜனவரிக் கோடைப் புழுக்கம் வந்ததும் காகிதம் ஊதி, பிரிய வேண்டிய ஜோடி பிரிவதே இல்லை. பிளாஸ்டிக் சீட்டில் ஸ்ப்ரே பிடிக்காமல் உரிந்து வருகிறது. கட்டை அரிசி டப்பாவில் போட்டு வைத்தும் பார்த்துவிட்டேன். அங்கே யாராவது வேறு வார்னிஷ் பயன்படுத்தினால் பெயரைச் சொல்லுங்கள், மார்ச்சில் மருமகள் பிறந்தநாளுக்குக் கட்டு தயாராக வேண்டும்.