டாம்பர், காயில்ஓவர்: எந்தச் சொற்களை ஏற்கலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

காரின் சஸ்பென்ஷன் உறுப்புகளுக்கான சொற்களைத் தொகுக்கும் இவ்விழையில், பேச்சு வழக்கில் "சாக் அப்சர்பர்" எனப்படும் டாம்பருக்கு "அதிர்வுதாங்கி", "அதிர்வேற்பி" என இரண்டு சொற்களும், சுருள்வில்லும் டாம்பரும் சேர்ந்த தொகுதியான காயில்ஓவருக்கு "மேற்சுருள்" என்ற சொல்லும் முன்மொழியப்பட்டுள்ளன. முன்மொழிந்த நண்பர்களின் உழைப்பை மதித்தே சொல்கிறேன், மூன்றையும் ஏற்க என் மனம் ஒப்பவில்லை. கரிவரதன் கோவையிலேயே பந்தயக் கார்களை வடிவமைத்துக் கட்டிய காலத்திலிருந்து எங்கள் பட்டறைகளில் இந்த உறுப்புகள் கழற்றி மாட்டப்பட்டு வருகின்றன. அவர் பெயரால் செட்டிபாளையத்தில் அமைந்த பந்தயத் தடத்துக்கு, அன்றாடம் வேலைக்கு ஓட்டுகிற காரையே கொண்டுபோக விரும்பும் ஒருவர், எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்று முடிவெடுக்கும் நேரத்தில்தான் இச்சொற்கள் உண்மையில் பயன்படப்போகின்றன. உறுப்பின் வேலையைத் தவறாகச் சொல்லும் பெயர் அவரைத் தவறான செலவுக்கு இட்டுச்செல்லும்.

முதலில் "அதிர்வுதாங்கி"யை எடுத்துக்கொள்வோம். சக்கரம் ஒரு மேட்டின்மீது ஏறும்போது அந்த இடியை வாங்கிக்கொள்வது சுருள்வில்தான். அது அமுங்கி ஆற்றலைத் தனக்குள் சேமிக்கிறது, பிறகு அதைத் திருப்பித் தருகிறது. திருப்பித் தரும் அந்த ஆற்றலை யாரும் வாங்கிக்கொள்ளாவிட்டால் வண்டியின் உடல் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். டாம்பருக்குள் இருக்கும் உந்துதண்டு எண்ணெயைச் சிறு துளைகள், வால்வுகள் வழியாக நெருக்கித் தள்ளி, அந்த ஆட்டத்தை வெப்பமாக மாற்றிக் கழிக்கிறது. வில்லின் விசை அது எவ்வளவு தூரம் அமுங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. டாம்பரின் விசையோ அது எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதைப் பொறுத்தது. நின்றுகொண்டிருக்கும் காரில், உள்ளே அடைத்த வாயுவின் சிறு அழுத்தத்தை நீக்கிப் பார்த்தால், டாம்பர் எந்த எடையையும் தாங்குவதில்லை. எனவே "தாங்கி", "ஏற்பி" என்ற இரண்டு பெயர்களும் வில்லுக்கே உரியவை.

எங்கள் பகுதி மெக்கானிக்குகளின் பேச்சிலேயே இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. "வண்டி தூக்கித் தூக்கிப் போடுது", "வண்டி மிதக்குது" என்று வாடிக்கையாளர் சொன்னால் அவர்கள் டாம்பரைப் பார்க்கிறார்கள். "வண்டி உக்காந்துருச்சு" என்றால் வில்லைப் பார்க்கிறார்கள். அவர்களும் டாம்பரைச் "சாக் அப்சர்பர்" என்றுதான் அழைக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் பெயரின் பொருளை அவர்கள் நம்பி வேலை செய்வதில்லை. அதையே நாம் பொருள்பெயர்த்து அகராதியில் ஏற்றினால், படித்துத் தெரிந்துகொள்பவர் நம்பிவிடுவார்.

அந்த நம்பிக்கையின் விலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சாதாரணச் சாலைக் கார்களின் உடல், தன் வில்களின்மீது நொடிக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 முறை அலைவுறும்படி வடிவமைக்கப்படுகிறது; சாலைக்கும் தடத்துக்கும் பொதுவாக அமைக்கும்போது அதை 2 வரை கொண்டுபோவது வழக்கம். 1.2 இலிருந்து 2 ஆக்க வேண்டுமானால், அலைவெண் விறைப்பின் இருமடி மூலத்தைப் பின்பற்றுவதால், வில்லின் விறைப்பைச் சுமார் 2.8 மடங்காக்க வேண்டும். அப்படி விறைத்த வில்லைப் பழைய டாம்பர் அடக்காது. விறைப்பை இரு மடங்காக்கினாலே, டாம்பரை மாற்றாத நிலையில், தணிப்பு விகிதம் (ஒவ்வோர் அலைவிலும் ஆட்டம் எவ்வளவு அடங்குகிறது என்பதன் அளவு) முன்பிருந்ததில் 71 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. காரைத் தாழ்த்தும் வில்களை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு, "அதிர்வுதாங்கி புதுசாகத்தான் இருக்கிறது, இடியைத் தாங்கிக்கொள்ளும்" என்று நினைப்பவரின் கார், திம்பம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் ஒரு சிறு பள்ளத்தைக் கடந்ததும் டயர் தரையை விட்டுவிட்டுப் பிடிக்கும். வில் விறைத்தும் பிடிமானம் குறைந்தது ஏன் என்று அவருக்கு விளங்காது. பெயர் சரியாக இருந்தால், வில்லை மாற்றுகிறபோதே தணிக்கும் உறுப்பையும் கேட்கத் தோன்றும்.

ஆகவே டாம்பருக்குத் "தணிப்பான்" என்பதை முன்மொழிகிறேன். தீயைத் தணித்தல், சினத்தைத் தணித்தல் என்று நாம் சொல்வதெல்லாம் எழுச்சியைக் குறைத்து அடங்கச் செய்வதுதான். இவ்வுறுப்பின் வேலையும் அதுவே. பள்ளி இயற்பியல் நூல்களில் "தடையுறு அலைவு" இருப்பதால் "தடைப்பான்" என்று வைக்கலாமே என்ற கருத்தும் இங்கே வந்தது. கார் பற்றிய சொற்றொகுதியில் "தடை" பிரேக்கோடு குழம்பும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டுகிறேன். "தணிப்பான்" கிளைச்சொற்களுக்கும் இடம் தருகிறது. அமுங்கும்போது நிகழ்வது அமுக்கத் தணிப்பு, விரியும்போது நிகழ்வது விரிவுத் தணிப்பு. பின்னதற்கு "மீள்தணிப்பு" என்று ஒருவர் எழுதியிருந்தார். "மீள்" என்பது மறுபடி என்ற பொருளையும் தருவதால், இரண்டாம் முறை தணிப்பது என்று படிக்க இடமுண்டு. திருகைச் சுற்றி இவற்றை மாற்றும் வசதியுள்ள தணிப்பான்களை வாங்குபவர்களுக்கு இந்த இணைச்சொற்கள் மிகவும் தேவை. விரிவுத் தணிப்பை அளவுக்கு மீறி இறுக்கினால், அடுத்தடுத்து வரும் மேடுகளில் சக்கரம் முழுமையாக இறங்குவதற்குள் அடுத்த அமுக்கம் வந்துவிடும். கார் படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போய், வில் அமுங்குவதற்கான தூரம் தீர்ந்து முட்டும்.

வில்லுக்குப் புதுச்சொல் தேடும் தேவையே இல்லை. வில்வண்டி பூட்டிய ஊர்கள் இவை. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரிக்காரர்கள் அடுக்கு வில்லின் ஒவ்வொரு தகட்டையும் பட்டை என்கிறார்கள். சுருள்வில், பட்டைவில் என்று இரண்டாகப் பிரித்தால் போதும்.

காயில்ஓவருக்கு வருகிறேன். "மேற்சுருள்" சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. தணிப்பானைச் சுற்றிச் சுருள்வில் அமைந்திருப்பதை அது சொல்ல முயல்கிறது. ஆனால் மேலே இருக்கும் சுருள் என்றே படிப்பவர் கொள்வார். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நம் ஊரில் மிகுதியாக ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் பின்னச்சில் வில் ஓரிடத்திலும் தணிப்பான் வேறிடத்திலும் தனித்தனியே நிற்கின்றன. அவற்றுக்கான தொகுதியையும் கடைக்காரர் காயில்ஓவர் என்றே விற்கிறார். அப்படியானால் வாங்குபவர் பணம் கொடுப்பது சுருள் எங்கே நிற்கிறது என்பதற்காக அன்று. ஒன்றுக்கொன்று பொருத்தி வடிவமைத்த வில்லும் தணிப்பானும் சேர்ந்து கிடைப்பதற்காகவும், உயரத்தை மாற்ற முடிவதற்காகவுமே. எனவே "வில்தணிப்பிணை" என்பதைப் பரிந்துரைக்கிறேன். ஓருடலாக இருந்தாலும் பிரிந்து நின்றாலும் அவை இணைதான்.

உயரம் மாற்றும் வகையில் இன்னும் ஒரு சொல்லும் வேண்டும். வில் அமர்ந்திருக்கும் அடித்தட்டைத் திருகி வில்லை முன்கூட்டியே அமுக்கி வைப்பதை "முன்னமுக்கம்" எனலாம். சீரான விறைப்புள்ள வில்லில் இது விறைப்பை மாற்றாது என்ற குறிப்பை அகராதியிலேயே சேர்த்துவிட வேண்டும், ஏனெனில் பலரும் திருகி இறுக்கினால் வில் விறைக்கும் என்றே எண்ணுகிறார்கள். தாழ்த்துவதைப் பற்றியும் ஒரு சொல்: முன்புறம் மெக்பர்சன் அமைப்பு (தணிப்பானே தூண்போல் நின்று சக்கரத்தைப் பிடித்திருக்கும் அமைப்பு) உள்ள காரை மிகத் தாழ்த்தினால், சாய்வு மையம் (வளைவில் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாகக் கீழிறங்குவதால், வளைவில் உடலைச் சாய்க்கும் திருப்புவிசை கூடவும் கூடும்.

வளைவில் உடல் சாய்வதைக் குறைக்க இருபக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஆன்ட்டி ரோல் பாருக்கு வந்த "சாய்வெதிர்த் தண்டு" நன்றாகவே இருக்கிறது. திண்மத் தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் படியைப் பின்பற்றுவதால், 20 மில்லிமீட்டரிலிருந்து 22 ஆக்கினாலே 46 விழுக்காடு கூடிவிடும் என்பதை விளக்கத்தில் சேர்க்கலாம்.

பதிவுக்கு என் வரைவு இது. "தணிப்பான்: வில்லின் அலைவாற்றலை, எண்ணெயை நெருக்கிச் செலுத்துவதன் மூலம் வெப்பமாக மாற்றி, சக்கரத்தையும் உடலையும் விரைந்து நிலைகொள்ளச் செய்யும் உறுப்பு, எடையைத் தாங்குவதில்லை." "வில்தணிப்பிணை: ஒன்றற்கொன்று பொருத்தமாக வடிவமைத்த சுருள்வில்லும் தணிப்பானும் கொண்ட தொகுதி, பெரும்பாலும் உயரம் மாற்றத்தக்கது." லாரி, டிராக்டர் துறையில் இருப்பவர்கள் தங்கள் வண்டிகளுக்கும் இவ்விளக்கங்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்துத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.