பள்ளிபாளையம் வறுவல் போட்ட வீட்டுப் பீட்சா: சரியா, தப்பா?

அம்மாபேட்டை_அடுப்பு:
ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பீட்சா செய்தேன். எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) செய்து வந்த பள்ளிபாளையம் கோழி வறுவலைத்தான் மேலே போட்டேன். அம்மாயி கைப்பக்குவத்தில் நாட்டுக்கோழி, சின்ன வெங்காயம், விதை தட்டிய வரமிளகாய், மஞ்சள், கறிவேப்பிலை, தேங்காய்ச் சில்லு, உப்பு, கடலை எண்ணெய், அவ்வளவுதான். தக்காளி கிடையாது, மசாலாப் பொடி கிடையாது. காரமெல்லாம் அந்த வரமிளகாயிலிருந்துதான்.

மாவுக்கு மைதா 250 கிராம், ராகி மாவு 50 கிராம், தண்ணீர் 190 மில்லி, ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், உப்பு, ஒரு கரண்டி நல்லெண்ணெய். இந்த வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே இரண்டு மடங்காகப் பொங்கிவிட்டது. தக்காளி சாஸுக்குப் பதிலாக, எங்கள் சேலத்துத் தெருக்கடைத் தின்பண்டமான தட்டுவடை செட்டுக்கு வைக்கும் பூண்டு மிளகாய்ச் சட்னியைத் தடவினேன். அதன் மேல் வறுவல், அதற்கும் மேல் 200 கிராம் மொசரெல்லா சீஸ். சுட்டு எடுத்த பிறகு துருவிய கேரட், பீட்ரூட், பச்சை வெங்காயம்.

பிள்ளைகள் ரசித்துச் சாப்பிட்டார்கள். என் மாமியார் மட்டும் ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டு, "ஏன் கண்ணு, வறுவலத் தனியா வெச்சிருக்கலாமே" என்றார். திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நம் சேலத்து வீட்டுச் சமையலை அடுத்த தலைமுறை விரும்பிச் சாப்பிட இதுதான் வழி என்று நான் நம்புகிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மேச்சேரிக்காரர்:
உங்கள் மாமியார் சொன்னதுதான் சரி, அம்மா. அந்த வறுவலின் உயிரே அது வறண்டு இருப்பதில்தான் இருக்கிறது. மிளகாய் எண்ணெயில் கருகாமல் நிறம் மாறும்போது ஒரு மணம் வரும். சின்ன வெங்காயம் சுருங்கி இனிக்கும், தேங்காய்ச் சில்லு ஓரம் சிவந்து மொறுமொறு என்று ஆகும். அதன் மேல் 200 கிராம் சீஸைப் போட்டு மூடினால் ஆவியில் எல்லாம் சொதசொதவென்று ஆகிவிடாதா?

இன்னொன்றும் இருக்கிறது. பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் மிளகாயின் காரத்தை நாக்கிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடும். காரம் தலைக்கேறினால் மோர் குடிக்கிறோமே, அதனால்தான். காரத்தை மட்டுமே நம்பி நிற்கிற ஒரு பண்டத்தின் மேல் அந்தக் காரத்தையே எடுத்துவிடும் பொருளைக் கொட்டியிருக்கிறீர்கள். பிள்ளைகள் ரசித்தது சீஸை. அம்மாயியின் வறுவலை அவர்கள் இன்னும் சாப்பிடவில்லை.

கல்லடுப்பு:
நான் பெங்களூரில் ஒரு பீட்சாக் கடையில் ஆறு வருடம் மாவு பிசைந்தவன். இப்போது சூரமங்கலத்தில் இருக்கிறேன். எனக்கும் இதில் உடன்பாடு இல்லை, ஆனால் என் காரணம் வேறு. பீட்சா என்பது முதலில் ரொட்டி. மேலே போடுவதெல்லாம் அதற்கு அப்புறம். இத்தாலியின் நேப்பிள்ஸில் மாவைத் தட்டி விறகு அடுப்பில் சுடும் அந்தக் கைவேலையைத்தான் 2017-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே அடுப்பின் தளம் 485 டிகிரி வரை காயும், 60 முதல் 90 விநாடிக்குள் பீட்சா வெந்துவிடும். நம் வீட்டு ஓ.டி.ஜி. (மின் அடுப்பு) 250 டிகிரியைத் தாண்டாது. அப்படி இருக்கும்போது மாவில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஒரு மணி நேரத்தில் பொங்கிய மாவில் ஈஸ்ட் வாடை இருக்குமே தவிர ருசி இருக்காது. ஈஸ்டைக் கால் டீஸ்பூனாகக் குறைத்து, ஒரு ராத்திரி குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். ராகியில் மாவை இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் கிடையாது. 300-க்கு 50 என்பது சரியான அளவு, அதற்கு மேல் போனால் தட்டும்போதே கிழியும்.

அப்புறம், தக்காளியை எடுத்தது பெரிய தவறு. சீஸின் கொழுப்பை வெட்டுவதற்குப் புளிப்பு வேண்டும். பூண்டு மிளகாய்ச் சட்னியில் அது ஏது?

குகை_பையன்:
பள்ளிபாளையம் நாமக்கல் மாவட்டத்தில்தானே இருக்கிறது? இதை எப்படிச் சேலம் வீட்டுச் சமையல் என்கிறீர்கள்? நம் ஊர்ப் பீட்சா என்றால் தட்டுவடை செட்தான். அடியில் மொறுமொறு, மேலே காய், சட்னி. இதைவிட என்ன வேண்டும்?

மேச்சேரிக்காரர்:
தம்பி, நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 1997-இல். அதுவரை அது சேலம் மாவட்டம்தான். இந்த அம்மாவின் அம்மாயி அடுப்பில் வறுவலைப் போட்ட காலத்தில் அது சேலம் மாவட்டத்துச் சமையல்.

சேர்வராயன்_சாரல்:
ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எனக்கு அக்கா செய்தது பிடித்திருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து வந்த பொருளை நம் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்வது புதிதல்ல. எங்கள் மலையில் காப்பிச் செடி 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில்தான் வந்தது. காப்பிக்கு நிழல் தருவதற்கென்று நட்ட சில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம். அதில்தான் எங்கள் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. கீழே உங்கள் பக்கம் வந்தால், ஜவ்வரிசிக்காகக் காடு காடாகப் போட்டிருக்கும் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. இவ்வளவும் நம்முடையது ஆனபோது பீட்சா ஆகாதா?

மாவு விஷயத்தில் கல்லடுப்பு அண்ணா சொல்வது உண்மை. இங்கே 1500 மீட்டர் உயரம். டிசம்பர் ராத்திரியில் மாவைச் சமையலறையிலேயே மூடி வைத்தால் போதும், பெட்டி வேண்டாம், காலையில் நிதானமாகப் பொங்கி நிற்கும். நான் 300 கிராமில் 30 கிராம் குச்சிக்கிழங்கு மாவு கலப்பேன். ஓரம் நல்ல மொறுமொறுப்பு வரும். ஓ.டி.ஜி. இல்லாதவர்கள் இரும்புத் தோசைக்கல்லில் ஒரு பக்கம் வேகவிட்டுத் திருப்பிப் போட்டு, சிவந்த பக்கத்தின் மேல் எல்லாம் வைத்து மூடிவிடலாம்.

மேச்சேரிக்காரர்:
காப்பியும் குச்சிக்கிழங்கும் வந்தன, மறுக்கவில்லை. வரமிளகாயே வெளியிலிருந்து வந்ததுதான். ஆனால் எப்படி வந்தன என்று பாருங்கள். மிளகாய் வந்தபோது நம் கிழவிகள் அதற்குத் தகுந்தாற்போல எண்ணெயின் அளவை மாற்றினார்கள், விதையைத் தட்டினார்கள், தேங்காயைச் சில்லாக நறுக்கிப் போட்டார்கள். எத்தனையோ தலைமுறைக் கைகள் பட்டுத்தான் அந்த வறுவல் உருவானது. நீங்கள் முழுமையடைந்த ஒரு பண்டத்தை எடுத்து இன்னொரு முழுமையடைந்த பண்டத்தின் மேல் வைக்கிறீர்கள். அதைத்தான் நான் எதிர்க்கிறேன். சேர்ப்பதானால் இரண்டில் ஒன்று மற்றொன்றுக்காக மாற வேண்டும். வறுவல் மாற வேண்டாம், பீட்சா மாறட்டும்.

அம்மாபேட்டை_அடுப்பு:
ஐயா, உங்கள் கடைசி வரியை இரண்டு நாளாக யோசித்தேன். நேற்று மறுபடி செய்தேன். மாவை ராத்திரியே பிசைந்து பெட்டியில் வைத்தேன், ஈஸ்ட் கால் டீஸ்பூன்தான். ஓ.டி.ஜி.க்குள் தோசைக்கல்லை அரை மணி நேரம் காயவிட்டு அதன் மேல் சுட்டேன். சீஸ் 60 கிராம்தான், அதுவும் அடியில். வறுவலைச் சுடவே இல்லை. பீட்சா வெளியே வந்த பிறகு, அப்போதுதான் வாணலியிலிருந்து இறக்கியதை மேலே பரப்பினேன்.

தேங்காய்ச் சில்லு மொறுமொறுப்பாகவே இருந்தது. மிளகாய் மணமும் வந்தது. போன வாரம் அந்த மணம் இல்லை என்பதே எனக்கு நேற்றுதான் தெரிந்தது. ஆனாலும் சீஸ் இருக்கும் இடத்தில் காரம் மங்கத்தான் செய்கிறது. இதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். சின்னவள் தேங்காயைப் பொறுக்கிப் பொறுக்கிச் சாப்பிட்டாள். என் அம்மாயி வீட்டில் நானும் அப்படித்தான் சாப்பிடுவேன்.

மேச்சேரிக்காரர்:
சந்தோஷம். அந்த 60 கிராமையும் எடுத்துவிடுங்கள்.

குகை_பையன்:
சீஸ் இல்லாமல் பீட்சாவா? அது வெறும் ரொட்டி ஆகிவிடாதா?

கல்லடுப்பு:
ஆகாது தம்பி. இந்த இடத்தில் நான் ஐயா பக்கம். நேப்பிள்ஸ்காரர்கள் மிகவும் மதிக்கும் இரண்டு பீட்சாக்களில் ஒன்று மரினாரா. அதில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், இவ்வளவுதான். சீஸே கிடையாது. ஆனால் தக்காளி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சீஸைத் தூக்குங்கள், கோழியைச் சுட்ட பிறகு போடுங்கள், எல்லாம் சரி. புளிப்பு மட்டும் இல்லாமல் கூடாது. இல்லையென்றால் எண்ணெயும் காரமும் ரொட்டியும் மட்டும் இருக்கும், மூன்றாவது துண்டுக்குக் கை போகாது. நாட்டுத்தக்காளியைக் கையால் பிசைந்து உப்பு மட்டும் போட்டுத் தடவுங்கள். வேகவைக்க வேண்டாம், அடுப்பிலேயே வெந்துவிடும்.

மேச்சேரிக்காரர்:
வறுவலில் தக்காளி சேரக் கூடாது. இதில் நான் இறங்கி வரமாட்டேன். தக்காளி பட்டால் அது வேறு குழம்பு.

சேர்வராயன்_சாரல்:
தக்காளிக்குப் பதில் மாங்காய் வைத்தால் என்ன? தட்டுவடை செட்டில் மாங்காய் துருவிப் போடுவது உண்டே. இப்போது கிளிமூக்கு கிடைக்கும். பூண்டு மிளகாய்ச் சட்னியிலேயே கொஞ்சம் அரைத்துவிடலாம். எங்கள் வீட்டில் பச்சை மிளகு கிடைக்கும் நாட்களில் மாங்காயோடு தட்டிக் கோழிக்கு வைப்போம். அம்மாயி இருந்திருந்தாலும் மறுத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

மேச்சேரிக்காரர்:
மாங்காய்... சரி. பழைய சோற்றுக்கு வறுவலும் மாங்காயும் தொட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். அது சேரும்.

கல்லடுப்பு:
மாங்காயின் புளிப்பு தக்காளி மாதிரி இருக்காது, கூர்மையாக இருக்கும். எனக்கு இன்னும் தக்காளிதான் மனதில் நிற்கிறது. ஆனால் செய்து பார்க்காமல் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

அம்மாபேட்டை_அடுப்பு:
இந்த ஞாயிறு இரண்டு சுடுகிறேன். ஒன்று நாட்டுத்தக்காளியில், ஒன்று மாங்காய்ச் சட்னியில். இரண்டிலும் சீஸ் இல்லை. எது எது என்று சொல்லாமலே மாமியாருக்குக் கொடுத்துக் கேட்கிறேன். கிளிமூக்கு வாங்கியாகிவிட்டது.

கல்லடுப்பு:
மாங்காயைத் துருவியதும் உப்புப் போட்டு பத்து நிமிடம் வைத்துப் பிழிந்துவிடுங்கள், அக்கா. அப்படியே தடவினால் தண்ணீர் விட்டு மாவின் நடுப்பகுதி வேகாது.