மறு: ‘ட்ரூ பைபாஸ்’ – ‘இருமடை மாற்று’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் வந்த கடிதங்களை எல்லாம் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் தமிழ் படித்தவன் இல்லை. ஈரோட்டில் பேஸ் கிட்டார்க்காரர்களுக்கு பெடல் (ஓசையை மாற்றக் காலால் அழுத்தும் பெட்டி) பழுது பார்க்கிறேன், கேட்டால் புதிதாகக் கட்டியும் தருகிறேன். மாரியம்மன் நோம்பிக் கச்சேரிக் குழு, சர்ச் வாத்தியக் குழு, கல்லூரிப் பையன்கள் என்று வருவார்கள். “பெடலை ஆஃப் பண்ணினாலும் சத்தம் மந்தமா இருக்குதுங்க” என்பதுதான் அவர்கள் அடிக்கடி கொண்டு வரும் புகார். ஏன் அப்படி ஆகிறது என்று விளக்கும் போதெல்லாம் ‘ட்ரூ பைபாஸ்’ (ஆஃப் செய்தால் சிக்னல் பெடலின் சர்க்யூட்டைத் தொடாமல் நேராகப் போவது) என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல் இல்லாமல் தடுமாறுகிறேன். என் அக்கறைக்குக் காரணம் அவ்வளவுதான்.

> ட்ரூ பைபாஸ் = உண்மைப் புறவழி. பைபாஸ் ரோட்டுக்குப் புறவழி என்று ஏற்கெனவே இருக்கிறது. அப்புறம் எதற்கு இத்தனை கடிதம்?

புறவழியில் எனக்குச் சண்டை இல்லை, அண்ணா. ‘உண்மை’தான் உறுத்துகிறது. ஆங்கிலத்திலேயே அது விளம்பரத்தில் நன்றாக விற்கும் சொல். உண்மைப் புறவழி என்று ஒன்றை வைத்துவிட்டால் மற்ற பெடல்கள் எல்லாம் பொய் சொல்வது போல ஆகிவிடும். வாங்க வருகிற பையனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறான். எங்கே என்ன துண்டிக்கப்படுகிறது என்பதைச் சொல் காட்ட வேண்டும். ‘உண்மை’ அதைக் காட்டவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். பெடலுக்குள் ஒரு சர்க்யூட் போர்டு. அதற்குச் சிக்னல் நுழைய ஒரு வாய், வெளியேற ஒரு வாய். காலால் அழுத்தும் சுவிட்ச், சிக்னலைப் போர்டு வழியாகவும் விடலாம், போர்டைத் தொடாமல் நேராக வெளியேயும் விடலாம். பழைய வா பெடல்கள் (‘வா-வா’ என்று ஓசையை வளைப்பவை) பலவற்றில் மூன்று கால் சுவிட்ச் ஒன்றுதான் இருந்தது. அது வெளியேறும் பக்கத்தை மட்டும் மாற்றும். நுழையும் பக்கம் போர்டோடு ஒட்டியே கிடக்கும். ஆஃப் செய்த பிறகும் கிட்டார் அந்தப் போர்டையும் சேர்த்துச் சுமக்கிறது.

நம் ஊரில் இதற்கு விளக்கமே தேவையில்லை. கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் தண்ணீர் கட்டிய யாருக்கும் தலைமடை, கடைமடை தெரியும். வயலுக்குத் தண்ணீர் வேண்டாம் என்றால் தலைமடையை அடைக்க வேண்டும். கடைமடையை மட்டும் அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் வயல் குடித்துக்கொண்டேதான் இருக்கும், கீழே இருக்கிறவனுக்கு வாய்க்கால் இளைத்துத்தான் வரும். மூன்று கால் சுவிட்ச் வைத்த பெடல் செய்வது இதுவேதான். ஆகவே என் முன்மொழிவு:

காலால் அழுத்தும் சுவிட்ச்: மடைமாற்றி
நுழைவு, வெளியேற்றம் இரண்டையும் மாற்றுவது: இருமடை மாற்று
வெளியேற்றத்தை மட்டும் மாற்றுவது: ஒருமடை மாற்று

மடைமாற்றம் புதுச் சொல்லும் இல்லை. ஒரு திட்டத்தின் பணத்தை இன்னொன்றுக்குத் திருப்பிவிட்டார்கள் என்று செய்தித்தாளில் வரும்போது மடைமாற்றம் என்றுதானே எழுதுகிறார்கள்.

> ஒருமடை வைத்தால்தான் என்ன கெட்டுப்போகும்? காதுக்குத் தெரியுமா?

நன்றாகவே தெரியும். பேட்டரி இல்லாத சாதாரண பேஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸில் வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறு தடை) 250 கிலோஓம். அதன் தடையில் சரிபாதி இடத்தில் குமிழ் நின்றால் மேலே 125, கீழே 125. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் இணையாகச் சேர்ந்து 62 கிலோஓம் சொச்சம், பிக்கப் (கம்பி அதிர்வைச் சிக்னலாக்கும் பாகம்) சுருளின் தடையைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். இதன் மேல் 70 கிலோஓம் நுழைவுத் தடை உள்ள வா பெடல் தொங்கினால் சிக்னலில் ஏறக்குறைய பாதி போய்விடும். பிக்கப் என்பது கம்பிச் சுருள் என்பதால் அதிர்வெண் ஏற ஏற அதன் எதிர்ப்பும் ஏறும். அதனால் மேல் ஓசைகள் முதலில் மங்கும். விரலால் சுண்டும்போது வருகிற அந்த ‘டக்’ காணாமல் போவது இதனால்தான். ஒரு மெகாஓமும் அதற்கு மேலும் நுழைவுத் தடை இருந்தால் கிட்டாருக்குப் பாரமே தெரியாது.

பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. உள்ளே இருக்கும் ப்ரீஆம்ப் சிக்னலை நல்ல பலத்தோடு தள்ளிவிடுகிறது.

> அப்படியானால் எல்லா பெடலும் இருமடையாக இருப்பதுதான் நல்லதா?

இல்லை. ‘உண்மை’ வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கிட்டார் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரடு மின்தேக்கம் உண்டு. மேடையில் பேஸிலிருந்து பெடலுக்கு ஆறு மீட்டர், பெடலிலிருந்து ஆம்ப்புக்கு ஆறு மீட்டர். இருமடை பெடல்கள் எல்லாம் ஆஃபில் இருந்தால் இந்தப் பன்னிரண்டு மீட்டரும் ஒரே கேபிளாக பிக்கப்பின் தலையில் விழும். 1200 பிக்கோஃபாரடு, மேல் ஓசை மங்கத்தான் செய்யும். வரிசையில் முதலாவதாகப் பஃபர் (பிக்கப்புக்குப் பாரம் தராமல் சிக்னலைப் பலத்தோடு அனுப்பும் சிறு சர்க்யூட்) உள்ள ஒரு பெடல் இருந்தால் இந்தக் கவலை இல்லை. பாஸ் (Boss) கம்பெனிப் பெடல்கள் பெரும்பாலானவற்றில் பஃபர் எப்போதும் சிக்னல் பாதையிலேயே இருக்கும், மாற்றும் வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் எஃப்இடி (ஒரு வகை டிரான்சிஸ்டர்). அது ஒரு முறை, இருமடை இன்னொரு முறை. இடம் பார்த்து வைக்க வேண்டும். பெயரிலேயே ஒன்றுக்கு மெய், ஒன்றுக்குப் பொய் என்று பட்டம் கட்டிவிட்டால் இதை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

> மடைமாற்றியை எப்படி இணைப்பது என்றும் எழுதினால் விக்சனரிப் பதிவோடு சேர்க்கலாம்.

எழுதுகிறேன். கடையில் ‘த்ரீ பிடிடி’ என்று கேளுங்கள், ஒன்பது கால் இருக்கும், மூன்று பத்தி மூன்று வரிசை. இடப் பத்தியின் நடுக்கால் நுழைவு ஜாக்குக்கு, வலப் பத்தியின் நடுக்கால் வெளியேற்ற ஜாக்குக்கு. மேல் வரிசையின் இரு ஓரக் கால்கள் போர்டின் நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும். கீழ் வரிசையின் இரு ஓரக் கால்களை ஒரு துண்டு ஒயரால் ஒன்றோடொன்று சேர்த்துவிடுங்கள். புறவழி என்பது அந்த ஒரு துண்டு ஒயர்தான். நடுப் பத்தி எல்இடி விளக்குக்கு. விளக்கு வேண்டாம் என்றால் ஆறு கால் சுவிட்சே போதும்.

ஈயம் வைக்கும்போது காலில் சூட்டை நிறுத்தி வைக்காதீர்கள். உள்ளே பிளாஸ்டிக் இளகினால் கால் நகர்ந்துவிடும், வெளியே பார்க்கச் சுவிட்ச் புதுசு மாதிரியே இருக்கும். என்னிடம் வரும் ‘புது’ சுவிட்ச் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ரகம். அழுத்தும்போது ஸ்பீக்கரில் ‘பொத்’ என்று சத்தம் கேட்டால் போர்டின் நுழைவிலிருந்து எர்த்துக்கு ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். நுழைவு மின்தேக்கியில் தங்கும் மின்னூட்டம் அது வழியாக வடிந்துவிடும்.

> இருமடை என்றால் இருமடங்கு என்று படிக்க மாட்டார்களா? ‘இருபுற விலக்கு’ தெளிவாக இருக்கிறதே.

இருமடங்கு பயம் எனக்கும் கொஞ்சம் இருந்தது. ஆனால் ‘மாற்று’ கூடவே வருவதால் வாக்கியத்தில் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். விலக்கு விஷயத்தில் மதுரைப் பக்கத்து நண்பர்கள் மன்னிக்க வேண்டும். உங்கள் ஊரில் விலக்கு என்று சொல்லி பஸ்ஸை நிறுத்துவீர்கள், எங்களுக்கு அது ‘பிரிவு’. இங்கே விலக்கு என்றால் முதலில் மதுவிலக்குதான் ஞாபகத்துக்கு வரும். இருபுற விலக்கு பொருளில் சரிதான், அகராதியில் இணைச்சொல்லாகப் போட்டு வைக்கலாம்.

> பாட், பிக்கப், ஜாக், கிளிப்பிங், பஃபர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாமே.

முதல் மூன்றையும் விட்டுவிடுங்கள். அவை பொருளின் பெயர்கள், யாரையும் தவறான பக்கம் இழுப்பதில்லை. கோயம்புத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்கள் காயில் என்றுதான் சொல்கிறார்கள், அதனால் எந்த மோட்டாரும் நின்றுபோகவில்லை. கிளிப்பிங்குக்குக் ‘கத்தரிப்பு’ போதும். அலையின் உச்சியை டையோடு கத்தரிக்கிறது, அவ்வளவே.

பஃபர்தான் கஷ்டம். வேதியியலில் தாங்கல் கரைசல் என்கிறார்கள், கணினியில் இடையகம். பம்புக்காரர்களின் கலைச்சொல் பட்டியலில் தாங்கி என்றால் பேரிங். இங்கே பஃபர் எதையும் தேக்கி வைப்பதும் இல்லை, தாங்குவதும் இல்லை. பின்னால் இருப்பவனிடமிருந்து மிகக் கொஞ்சம் வாங்கி, முன்னால் இருப்பவனுக்குத் தாராளமாகக் கொடுக்கிறது. இதற்கு என்னிடம் நல்ல சொல் இல்லை. யாருக்காவது தோன்றினால் தனி இழையாகத் தொடங்குங்கள், இதிலேயே போட்டால் இரண்டும் பின்னிக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. இப்போது வரும் பெடல்கள் சிலவற்றில் காலுக்குக் கீழே சாதாரண பொத்தான்தான் இருக்கிறது, மாற்றுகிற வேலையை உள்ளே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) செய்கிறது. அதற்கும் இருமடை மாற்று பொருந்தும், ஏனென்றால் ரிலேயும் நுழைவு, வெளியேற்றம் இரண்டையும்தான் திருப்புகிறது. ஆனால் அங்கே மடைமாற்றி என்று ரிலேயைச் சொல்வதா, பொத்தானைச் சொல்வதா? என் ஓட்டு ரிலேவுக்கு. மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அதன் பிறகு பதிவைத் திருத்துகிறேன்.

அன்புடன்,
ஈரோட்டிலிருந்து