அம்பாசடர் மார்க் 4: புது மீட்டர் கேபிள் பதினோரே நாளில் அறுந்தது, கோளாறு எங்கே?

தக்கலைக்காரன்:

அப்பா 1984-இல் எடுத்த மார்க் 4 இப்போது என்னிடம் இருக்கிறது. பெட்ரோல், 1489 சிசி, நாலு கியர். கியர் பாக்ஸை இதுவரை மாற்றியதில்லை. தினமும் ஓட்டுவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சுசீந்திரம், மாதம் ஒரு தடவை குலசேகரத்தில் அக்கா வீடு, அவ்வளவுதான்.

போன மாதம் ஸ்பீடோமீட்டர் முள் ஆட ஆரம்பித்தது. 30-க்கும் 50-க்கும் நடுவில், அறுந்த பல்லி வால் மாதிரித் துடிக்கும். கூடவே டேஷ்போர்டுக்குள் கிரீச் கிரீச்சென்று ஒரு சத்தம். வில்லுக்குறி தாண்டும்போது டக்கென்று கேட்டது, முள் சைபரில் படுத்துவிட்டது. கிலோமீட்டர் எண்ணும் நின்றுபோனது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கேபிளின் இன்னர் (உள்ளே சுற்றுகிற கம்பி), அவுட்டர் (மேல் உறை) இரண்டையும் புதிதாகப் போட்டார்கள். இன்னர் முழு நீளத்துக்கும் பையன் கை நிறைய கிரீஸ் பூசி இறக்கியதை நானே பார்த்தேன். "இனி உங்க பிள்ளை காலம் வரைக்கும் ஓடும் சார்" என்றான். பத்தாம் நாள், மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கிறேன், முள் 110 காட்டுகிறது. பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "பைய போ மக்களே, என்னத்துக்கு இந்த வெப்ராளம்" என்று திட்டினாள். மறுநாள் மறுபடியும் டக்.

இப்போது அதே இடத்தில் கியர் பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும், மீட்டரையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அடுத்த மாதம் ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டும். கோளாறு கேபிளிலா, மீட்டரிலா, கியர் பாக்ஸிலா?

கொல்லங்கோடு குமரன்:

போனில் ஜிபிஎஸ் ஸ்பீடோமீட்டர் போட்டு டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். நான் மூணு வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பழைய ஸ்பேனர்:

தம்பி குமரன், வண்டியைப் பார்க்க வருகிற ஆபீசரிடம் போனைக் காட்டினால் ஆகாது. மீட்டர் ஓட வேண்டும்.

தக்கலை மக்களே, கியர் பாக்ஸை இறக்க விட்டுவிடாதே. குழித்துறையில் முப்பத்தெட்டு வருஷம் டாக்சி வண்டிகளுக்கு வேலை பார்த்தவன் சொல்கிறேன். கேபிள் சும்மா அறுகிறதில்லை, ஏதோ ஒன்று அதை அறுக்கிறது. அது எது என்று பார்க்காமல் புதுசு போட்டால் பதினோரு நாள்தான் ஓடும்.

முதலில் மீட்டருக்குப் பின்னால் கையை விட்டு, கேபிளைப் பிடித்திருக்கிற சொரசொரப்பான நட்டைக் கழற்று. விரலாலேயே வரும். இன்னரை உருவு. மேல் துண்டு மட்டும் கையில் வந்தால், மிச்சத்தைக் கியர் பாக்ஸ் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று பார். மீட்டர் முனைக்குக் கிட்ட என்றால் மீட்டர் இறுகியிருக்கும், அல்லது மேலே வளைவு மோசம். நடுவில் என்றால் அவுட்டர் எங்கேயோ நசுங்கியிருக்கும், இல்லை சைலென்சர் குழாய்ச் சூட்டில் வெந்திருக்கும். கீழ் முனையில் என்றால்தான் பினியனை, அதாவது கியர் பாக்ஸில் கேபிளைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரத்தை, சந்தேகப்பட வேண்டும்.

பினியனைப் பார்க்கவும் கியர் பாக்ஸை இறக்க வேண்டாம். முன் சக்கரம் இரண்டுக்கும் கட்டை வை. பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கு, நியூட்ரலில் போடு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடு. அது பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும், போட்டிருந்தால் சக்கரம் சுற்றாது. கட்டை வைக்கச் சொன்னது அதனாலாக்கும். இப்போது ஒருத்தர் சக்கரத்தைக் கையால் சுற்ற, நீ கேபிள் கழற்றின ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார். சதுரக் குழி விட்டுவிட்டுச் சுற்றாமல் சீராகச் சுற்றினால் பினியனுக்கு ஒன்றும் இல்லை.

மீட்டருக்கு, அறுந்த துண்டின் சதுர முனையை அதன் ஓட்டையில் விட்டு இரண்டு விரலால் சுருக்கென்று உருட்டு. முள் துள்ளி உடனே கீழே வர வேண்டும். எந்தப் பக்கம் உருட்டினால் ஏறுகிறதோ அந்தப் பக்கம். உருட்டவே வரவில்லை என்றால் மீட்டர் இறுகிவிட்டது.

அந்த 110-க்கு வருகிறேன். மீட்டருக்குள் முள்ளுக்கும் கேபிளுக்கும் நேர்த் தொடர்பே கிடையாது. கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றும். அதன் மேல், தொடாமல், ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கும். காந்தம் சுற்றச் சுற்ற கிண்ணத்தை இழுக்கும், மயிரிழை மாதிரி ஒரு ஸ்பிரிங் பின்னால் இழுக்கும். அந்த இரண்டு இழுப்பும் எங்கே சமமாகிறதோ அதுதான் வேகம். இன்னர் கேபிள் முறுக்குக் கம்பி, சுற்றும்போது திருகு மாதிரி வேலை செய்யும். மேலே வரைக்கும் கிரீஸ் பூசினால் அதை அப்படியே மீட்டருக்குள் ஏற்றிவிடும். கிரீஸ் காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் போனால் இரண்டும் ஒட்டிக்கொண்டு சுற்றப் பார்க்கும். நீ 20-இல் போனாலும் அது 110 சொல்லும். கீழ் மூன்றில் இரண்டு பங்குக்கு லேசாகத் தடவினால் போதும், மேலே அரையடிக்கு ஒன்றும் வேண்டாம்.

ஆனால் கிரீஸ் முள்ளைத்தான் ஏமாற்றும், கேபிளை அறுக்காது. அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். பார்த்துவிட்டு எழுது.

முட்டம் பத்மினி:

கடற்கரை ஆட்களுக்காக ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். என் பிரீமியர் பத்மினியில் இன்னர் நன்றாகவே இருந்தது. உப்புக் காற்றில் அவுட்டர் உள்ளே துருப்பிடித்து, கரகரவென்று இன்னரைத் தின்றுகொண்டிருந்தது. பழைய அவுட்டரைத் திரும்பப் போடுவதாக இருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவிப் பாருங்கள். செம்மண் நிறத்தில் வந்துகொண்டே இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அப்புறம், உருவும்போது இன்னர் முழுக்கக் கறுத்த ஆயில் வழிந்தால் பினியன் ஆயில் சீல் போயிருக்கிறது. கிரீஸ் ஏறுகிற மாதிரியே அதுவும் மீட்டர் வரை ஏறும்.

தக்கலைக்காரன்:

ஆசானே, பார்த்துவிட்டேன். சக்கரத்தை மச்சான் சுற்றினான், பினியன் சீராகச் சுற்றுகிறது. ஆயில் கசிவு இல்லை.

இன்னர் மேலே சதுர முனைக்கு ஒரு இஞ்ச் கீழே அறுந்திருக்கிறது. இழைகள் பிரிந்து, தேய்ந்த பெயின்ட் பிரஷ் மாதிரி விரிந்து நிற்கின்றன. டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தால், மீட்டரை ஒட்டியே அவுட்டர் ஒரு டம்ளர் வாய் அளவுக்கு வளைந்து கிடக்கிறது. பழைய கேபிளை அந்தப் பையன் டிக்கியிலேயே போட்டிருந்தான், நல்லவேளை. இரண்டையும் திண்ணையில் நீட்டி வைத்தேன். புதுசு முக்கால் அடி நீளம் கூடுதல். வேறு ஏதோ வண்டிக்கு உள்ளதைப் போட்டு, மிச்சத்தைச் சுருட்டிச் சொருகியிருக்கிறார்கள்!

பழைய ஸ்பேனர்:

அதுதான் அறுத்திருக்கிறது. வளைவு சோற்றுத் தட்டை விடச் சின்னதாக இருக்கக் கூடாது. பழைய அவுட்டர் நசுங்காமல் இருந்தால் கழுவி அதையே போடு, இன்னரை மட்டும் பழைய அளவுக்கு வெட்டி முனை அடித்து வாங்கு. இன்னர் கொஞ்சம் நீளம் கூடினாலும் மீட்டர் அச்சை முட்டித் தள்ளும், அதுவும் இறுகும்.

மீட்டரை நீ திறக்காதே. அந்த ஸ்பிரிங்கில் கை பட்டால் கதை முடிந்தது. கிரீஸைத் துடைக்க மீட்டர் வேலை தெரிந்தவரிடம் கொடு. வேறு வண்டி மீட்டரை வாங்கி மாட்டவும் வேண்டாம். ஒரு கிலோமீட்டருக்குக் கேபிள் எத்தனை சுற்று என்கிற கணக்கு வண்டிக்கு வண்டி மாறும்.

தக்கலைக்காரன்:

இரண்டு வாரம் ஆகிறது, ஓடுகிறது. வடசேரியில் ஒருவர் மீட்டரைச் சுத்தம் செய்து தந்தார். திறந்து காட்டினார், உள்ளே நெய் உறைந்த கிண்ணம் மாதிரி இருந்தது. இன்னருக்கும் சேர்த்து 900 ரூபாய்.

நேற்று ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் பக்கம் கிலோமீட்டர் கல்லை வைத்துச் சோதித்தேன். முள்ளை 60-இல் நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்கு 63 விநாடி ஆகிறது. காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, முள்ளை 60-இல் வைப்பதே பாடாகிவிட்டது.

பழைய ஸ்பேனர்:

60 விநாடி ஆக வேண்டியது. 63 என்றால் நீ நிஜத்தில் 57-இல் போகிறாய், மீட்டர் மூணு கூட்டிச் சொல்கிறது. பின் டயர் தேய்ந்திருந்தால் அதிலும் கொஞ்சம் வரும். அப்படியே விட்டுவிடு. அந்த நீளக் கேபிளை மட்டும் டிக்கியிலிருந்து எடுத்துவிடு, அடுத்த தடவை யாராவது அதையே எடுத்து மாட்டிவிடுவார்கள்.