கோடியக்கரைக்குப் படமெடுக்கப் போனவர்களே, எது இன்னும் மனதில் நிற்கிறது?

உப்பளத்தான்:
பூநாரை சீசன், வேன் நிறைய கேமராக்கள். வேதாரண்யம் பக்கத்துக் கடலோரச் சரணாலயம், சதுப்பும் உப்பளமும் புல்வெளியுமான இடம். முழங்கால் தண்ணீரில் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. தூரத்தில் பார்த்தால் வெறும் வெள்ளைக் கோடு. கூட வந்த ஒருவர் இறங்கிப் போய்ப் பலமாகக் கைதட்டினார். மொத்தக் கூட்டமும் எழும்பியது. மூடி வைத்திருந்த சிவப்பும் கறுப்பும் ஒரே நொடியில் விரிந்தன. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். வீட்டில் மாட்ட மனம் வரவில்லை.

வெளிமான் பித்தன்:
ஒரு கைதட்டலுக்கு இவ்வளவா? பருந்து தலைக்கு மேல் ஒரு சுற்று வந்தாலும் அவை பறக்கத்தானே செய்கின்றன? படத்தை மாட்டுங்கள் சார்.

என்னுடையது பூநாரை இல்லை, வெளிமான். புல்வெளியில் இரண்டு ஆண்கள் கொம்பைக் கோத்துக்கொண்டு நின்றன. படம் சுமார்தான், முன்னால் ஒரு புதர். ஆனால் அந்தச் சத்தம்! காய்ந்த மூங்கிலை மூங்கிலால் அடித்த மாதிரி. கூட வந்தவர்கள் கேமராத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொசு உள்ளான்:
பருந்துக்குப் பறப்பதும் நமக்காகப் பறப்பதும் ஒன்றா? பருந்து வருவதை நாம் தடுக்க முடியாது, கையைச் சும்மா வைத்திருக்க முடியும். சதுப்பில் ஓடும் கொசு உள்ளான் என்ற குட்டிப் பறவையின் எடை முப்பது கிராம்கூடத் தேறாது. ஆர்க்டிக் பக்கம் முட்டையிட்டுவிட்டு இங்கே வருவது. திரும்பிப் போவதற்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்கிறது. வீணாக எழுப்பும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் போகிறது. 1967-லேயே சரணாலயம், 2002-ல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியல் என்று பலகை வைத்தால் போதுமா?

என் அனுபவம் சின்னது. ஓர் உள்ளான் மேய்ந்துகொண்டே என் லென்ஸ் ஃபோகஸ் ஆகாத அளவுக்குக் கிட்டத்தில் வந்துவிட்டது. நான் அசையாமல் கிடந்தேன், அவ்வளவுதான்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வெயில் ஏறியதும் உப்பளத்தின் மேல் கானல் எழும்பும். நீள லென்ஸில் எடுத்தது எல்லாம் குழைந்து போய், லென்ஸ் கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் தீராது. விடியலில் எடுங்கள், மதியம் தூங்குங்கள். அப்புறம் உப்புக் காற்று. கண்ணாடியில் படிந்ததைக் காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் நிச்சயம். முதலில் ப்ளோயரால் ஊதி, பிறகு லேசாக ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். காற்றில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். ட்ரைபாட் கால்களை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், மறுநாள் என்று விட்டால் இறுகிவிடும்.

வேதாரண்யத்துக்காரன்:
வெளியூர்க்காரர்கள் சண்டை போட்டு முடித்தாச்சா? நான் சொல்வது 2018 நவம்பர் 16, கஜா புயல் கரையேறிய அதிகாலை. மரமெல்லாம் போச்சு, மான்களும் இங்கே காட்டில் திரியும் குதிரைகளும் செத்தன. அதற்குப் பிறகு ஒருநாள் காட்டுப் பக்கம் போனேன். ஒரு மட்டக்குதிரை, முறிந்து கிடந்த மரத்தில் ஒட்டியிருந்த இலையை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. கையில் போன் இருந்தும் எடுக்கவில்லை. ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

குதிரைகள் வெளிமானின் புல்லைத் தின்கின்றன, பிடித்து வெளியேற்ற வேண்டும் என்பார் பித்தன் மாதிரி ஆட்கள். சீமைக்கருவேலம் புல்வெளியைத் தின்பது மட்டும் யார் கண்ணுக்கும் படாது.

வெளிமான் பித்தன்:
குதிரையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லையே அண்ணே! கருவேலம் விஷயத்தில் உங்கள் கட்சிதான்.

உப்பளத்தான்:
உள்ளான் சொன்ன கானல் விஷயம் இப்போதுதான் உறைக்கிறது. வேனில் மூன்று பேர் அன்றைக்கு லென்ஸைத் திட்டித் தீர்த்தார்கள். கைதட்டியவரும் அதில் ஒருவர்.