முழு மாரத்தான் ஓடி புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டலாம் என்றிருக்கிறேன், ஓடியவர்கள் வழி சொல்லுங்கள்

சத்துவாச்சாரி அத்தை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வேலூரில் தபால் துறையில் வேலை. வயது 41. மூன்று வருடமாக விடியற்காலையில் ஓடுகிறேன். கோட்டை அகழி ஓரம் நடையாகத் தொடங்கியது, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பாலாற்றுப் பாலம் தாண்டி காட்பாடி வரை போய்த் திரும்புகிறேன். போன வருடம் அரை மாரத்தானை 2 மணி 38 நிமிடத்தில் முடித்தேன். வரும் ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுக்க ஆசை. 42.195 கிலோமீட்டர்.

காரணம் என் தம்பி மகன். ஐந்து வயதில் அவனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, கால் வலிக்கிறது என்று விளையாடப் போகமாட்டான், தொடையில் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது. கீழே விழுந்திருப்பான் என்று நினைத்துவிட்டோம். இரண்டரை வருடம் சிகிச்சை. இப்போது ஏழாம் வகுப்பு படிக்கிறான், கால்பந்து விளையாடுகிறான்.

அந்த நாட்களில் பாதி நேரம் மருத்துவமனையில் நான்தான் அவனோடு காத்திருப்பேன். பக்கத்து நாற்காலியில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம். அவர்கள் பையனுக்கும் அதே வயது, அதே நோய். காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கி, அறையிலேயே பொங்கித் தின்பார்கள். எனக்கு இந்தி வராது, அந்த அம்மாவுக்குத் தமிழ் வராது. ஆனாலும் ரத்த அணு எண்ணிக்கைத் தாளை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம். ஒரு வாரம் அவர்கள் வரவில்லை. லாட்ஜில் போய்க் கேட்டேன், அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றார்கள். அந்தப் பையன் என்ன ஆனான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரே மருந்து ஒரு பிள்ளைக்குக் கேட்கிறது, இன்னொரு பிள்ளைக்கு ஏன் கேட்காமல் போகிறது? இதை யாராவது கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு என்னால் ஆனதைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

என் குழப்பம் இதுதான். அம்மா, "ஆராய்ச்சிக்குக் கொடுத்தா யாரு கண்டா? அந்த லாட்ஜுல சோறில்லாம இருக்கறவங்களுக்குக் குடு" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அப்புறம், தெரிந்தவர்களிடம் பணம் கேட்க வாய் வரவில்லை. எப்படிக் கேட்பது, பணத்தை எப்படி வாங்குவது? ஓட்டத்துக்கான பயிற்சி பற்றியும் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை ஓட்டக்காரன் எழுதியது:

தங்கச்சி, எனக்கு 58 வயது. தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஆறு முழு மாரத்தான் முடித்திருக்கிறேன், அதில் இரண்டு நன்கொடைக்காக.

முதலில் பணம். உங்கள் ஜிபேயில் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். நேராக மருத்துவமனையின் கணக்குக்கே போகட்டும், ரசீது கொடுப்பவர் பெயரில் வரட்டும். சில வருடங்களுக்கு முன் ஓர் ஓட்டத்தில் நல்ல காரியம் என்று நம்பி நண்பர்களிடம் 18,000 ரூபாய் வாங்கிக் கட்டினேன். டீ சர்ட் வந்தது, மெடல் வந்தது, கணக்கு வரவில்லை. மூன்று முறை கேட்டும் பதில் இல்லை. கொடுத்த நண்பர்கள் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அதனால் முன்கூட்டியே நன்கொடைப் பிரிவுக்குப் போய், "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். பதிவுக் கட்டணம், ஷூ, சென்னை போய்வரும் செலவு எல்லாம் உங்கள் கைக்காசு. அதையும் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடையாது, ஆகவே வங்கி வழியாகத்தான். மஸ்கட்டில், துபாயில் இருக்கும் நம்மவர்கள் இந்தியக் குடிமக்கள் என்றால் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதில் சிக்கல் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை உள்ளவர் கொடுத்தால் அந்த நிறுவனத்திடம் வெளிநாட்டு நன்கொடை பெறும் அனுமதி இருக்க வேண்டும்.

கேட்கக் கூச்சமா? கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் என்று கேளுங்கள். ஆளுக்கு 420. நூறு பேர் கொடுத்தால் 42,000. கொடுக்கிறவருக்கும் பாரமாகத் தெரியாது.

ஓட்டம்: குறைந்தது 18 வாரம் வேண்டும். வாரத்தில் ஒரு நீள ஓட்டம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 30, 32 கிலோமீட்டர் வரை போங்கள், போதும். கடைசி மூன்று வாரம் குறைத்துவிடுங்கள். முப்பதைத் தாண்டியதும் உடம்பில் சேர்ந்திருக்கிற சர்க்கரை தீர்ந்து கால் கல்லாகிவிடும். அதற்காக முதல் மணி நேரத்திலிருந்தே பேரீச்சம்பழமோ கடலை மிட்டாயோ சாப்பிட்டுப் பழக வேண்டும். வெறும் தண்ணீரை மடமடவென்று குடிக்காதீர்கள், உப்புச் சத்து இறங்கினால் உயிருக்கே ஆபத்து. ஓஆர்எஸ் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயில் காய்ந்த வெயில், சென்னையில் வியர்வை காயவே காயாது. அதனால் வேகத்தை அங்கே குறைத்தே தொடங்குங்கள்.

குடியாத்தம் தறி எழுதியது:

அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் உங்கள் அம்மா பக்கம். எங்கள் நைனாவுக்குத் தொண்டையில் வந்தது. முதலமைச்சர் காப்பீட்டில் சிகிச்சை நடந்தது, ஆனால் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் காப்பீடு உண்டா? நான் தறியை விட்டு அவரோடு போன நாளெல்லாம் கூலி இல்லை. கடைசி இரண்டு மாதம் கடன் வாங்கித்தான் போனோம். அப்போது யாராவது ஓடி வசூலித்து மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். இருக்கிற மருந்தை வாங்கவே முடியாதவன் இருக்கும்போது புது மருந்து யாருக்கு?

பாகாயம் குறிப்பேடு எழுதியது:

குடியாத்தம் அண்ணா, உங்கள் வலி புரிகிறது. நான் மருத்துவ ஆய்வில் தரவு சேகரிக்கும் வேலை செய்கிறேன். எந்த இடம் என்பது வேண்டாம். ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாய் மட்டும் என்று நினைக்கிறோம். என் வேலை போன் செய்வது. சிகிச்சை முடிந்து போனவர்களை ஐந்து வருடம் வரை கூப்பிட்டு, பிள்ளை எப்படி இருக்கிறான், பள்ளிக்குப் போகிறானா, காய்ச்சல் வந்ததா என்று கேட்பேன். ஜார்க்கண்ட், வங்காளம், அசாம். எண் மாறியிருக்கும். பக்கத்துக் கடைக்காரர் எண்ணைத் தேடிப் பிடிப்பேன். ஒரு பிள்ளை என்ன ஆனது என்று தெரியாவிட்டால், அந்த மருந்து நம் பிள்ளைகளுக்குக் கேட்டதா என்பதும் தெரியாது. திட்டத்துக்கான பணம் முடிந்தால் முதலில் நிற்பது இந்த போன்தான். அக்கா லாட்ஜில் போய் விசாரித்தீர்களே, அதைத்தான் நான் சம்பளத்துக்குச் செய்கிறேன்.

உங்கள் தம்பி மகனுக்கு வின்கிரிஸ்டின் என்ற மருந்தைப் போட்டிருப்பார்கள், மெத்தோட்ரெக்சேட்டும் கொடுத்திருப்பார்கள். முன்னது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவது. நம் பக்கம் சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டில் வைக்கக்கூடத் தயங்குவார்கள், அதே செடி. (இலையைப் பறித்து யாரும் தின்றுவிட வேண்டாம், அது விஷம்.) இரண்டாவது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் தன் குழுவோடு உருவாக்கிய மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் முதல் மருந்தை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் 1947 கடைசியில் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்குச் சில மாதங்கள் மட்டும் நோய் அடங்கியது. அதற்கு முன் அதுவும் இல்லை.

கனடாவின் டெரி ஃபாக்ஸ் எலும்புப் புற்றுநோயால் 1977-ல் வலது காலை இழந்தவர். பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பது, இரண்டு வருடம் முன்பு வந்திருந்தால் பதினைந்துதான் என்று அவரிடம் சொன்னார்களாம். இடையில் நடந்தது ஆராய்ச்சி. அதனால்தான் 1980-ல் செயற்கைக் காலோடு தினம் ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம், 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடி, வந்த பணத்தை ஆராய்ச்சிக்கே என்றார். நோய் நுரையீரலுக்குப் பரவி 1981-ல், 22 வயதில் இறந்துபோனார். அவர் பெயரில் ஓட்டம் இன்றும் நடக்கிறது.

சத்துவாச்சாரி அத்தை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பாகாயம், உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சுடுகாட்டு மல்லி என்றதும், "நம்ம கொல்லையில பிடுங்கிப் போட்டதா?" என்று கேட்டார். அதே செடிதான் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

குடியாத்தம் தம்பி, நீங்கள் சொன்னதை என்னால் தள்ள முடியவில்லை, தள்ளவும் கூடாது. ஆனால் ஆராய்ச்சி என்று சொல்லி வாங்கிய பணத்தைப் பிரித்துக் கொடுப்பது சரியில்லை. அதனால் ஓட்டத்துக்கு வரும் பணம் முழுக்க ஆராய்ச்சிக்கு. என் சம்பளத்தில் மாதம் ஆயிரம், சிகிச்சைக்கு வந்து போகும் ஒரு குடும்பத்தின் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும். யாருக்குத் தேவை என்று உங்களுக்குத் தெரிந்தால் தனிச்செய்தியில் எழுதுங்கள்.

நேற்று பெயர் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு போட்டு நன்கொடைப் பிரிவில் கடிதம் கேட்கப் போகிறேன், கிடைத்ததும் வங்கி விவரத்தை இங்கே போடுகிறேன். வருகிற ஞாயிறு 18 கிலோமீட்டர், காலை நாலரைக்கு கிரீன் சர்க்கிளில் கிளம்புகிறேன். பாலத்தில் அந்த நேரம் லாரி அதிகம், தனியாகப் போக யோசனையாக இருக்கிறது. காட்பாடி பக்கம் யாராவது கூட ஓட வருகிறீர்களா?

ராணிப்பேட்டை ஓட்டக்காரன் எழுதியது:

நான் வருகிறேன் தங்கச்சி. தலைவிளக்கு இரண்டு எடுத்து வருகிறேன். முதல் 420 என்னுடையது.