கோத்தகிரியிலிருந்து கிளாட் தேர்வு: பயிற்சி மையத்துக்குப் போகாமல் முடியுமா?

கோத்தகிரித் தந்தை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இங்குள்ள அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ படிக்கிறாள். சட்டம் படிக்க வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்தே சொல்லி வந்தாள்; நாங்கள்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வை டிசம்பரில் எழுதப் போவதாகவும், விண்ணப்பம் திறந்துவிட்டதாகவும் கூறுகிறாள். இரண்டு ஏக்கர் தேயிலையும், பசுந்தேயிலைக்குத் தொழிற்சாலை தரும் விலையும்தான் எங்கள் வருமானம். கோயம்புத்தூரில் ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தேன். விடுதிச் செலவையும் சேர்த்து அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டபின், மறுபேச்சின்றி மேட்டுப்பாளையம் பேருந்தில் ஏறிவிட்டேன்.

அவள் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். வீட்டிலிருந்தே படித்து இத்தேர்வை எழுத முடியுமா? அல்லது இதை விட்டுவிட்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு அரசு சட்டக் கல்லூரியில் சேர்வதுதான் அறிவுடைமையா?

கூடலூர் மாணவி

ஐயா, நான் கூடலூரைச் சேர்ந்தவள். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பயிற்சி மையம் எதற்கும் சென்றதில்லை. முதல் முறை எனக்கு இடம் கிடைக்கவில்லை, இரண்டாம் முறைதான் கிடைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இத்தேர்வில் 120 வினாக்கள், 120 நிமிடங்கள். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகளுடன் பொது அறிவு, சட்டத் தர்க்கம், பொதுத் தர்க்கம், அடிப்படைக் கணிதம் என ஐந்து பகுதிகள் இருந்தாலும், கணிதத்தைத் தவிர எல்லாமே ஏறத்தாழ 450 சொற்கள் கொண்ட ஆங்கிலப் பத்திகளாகத்தான் வரும். அவற்றைப் படித்துத்தான் விடையளிக்க வேண்டும். அந்தப் படிக்கும் நேரமும் வினாவுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்குக்குள்ளேயே அடங்கும். ஆகவே தங்கைக்கு முதலில் வேண்டியது வேகமாகவும் தவறின்றியும் வாசிக்கும் பழக்கம்தான். நான் முதல் முறை தோற்றதற்குக் காரணம் சட்டம் தெரியாதது அன்று. கடைசி இருபது வினாக்களை வாசிக்கவே நேரம் கிடைக்கவில்லை. பதற்றத்தில் கண்ணை மூடிக்கொண்டு வட்டங்களை நிரப்பினேன். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் கழியும் என்பதால், அதுவும் எனக்கு எதிராகவே முடிந்தது.

சட்டத் தர்க்கப் பகுதிக்குச் சட்டப் புத்தகம் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விதி பத்தியிலேயே இருக்கும். அதை ஒரு நிகழ்வுக்குப் பொருத்திப் பார்க்கத் தெரிந்தால் போதும். இதற்கு நம் மலையிலேயே நல்ல பாடங்கள் இருக்கின்றன. எங்கள் கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து 1995-இல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றதுதான் கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு. ‘காடு’ என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும், நிலம் யாருக்குச் சொந்தம் என்பது பொருட்டன்று என்று 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம் ஆணையிட்டது. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு, மரங்கள் அடர்ந்த பட்டா நிலம் காடாகுமா, நான்கு சில்வர் ஓக் நிற்கும் தேயிலைத் தோட்டம் காடாகுமா என்று தங்கையிடம் கேட்டுப் பாருங்கள். தேர்வில் வரும் வினாவும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். நீலகிரியில் உள்ள சீகூர் யானை வழித்தடத்தைப் பற்றிய 2020-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் இவ்வாறே படிக்கலாம்.

முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்கள் தேர்வை நடத்தும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2020-க்கு முந்தைய தாள்களைத் தொட வேண்டாம். அவை வேறு வடிவத்தில் அமைந்தவை.

குன்னூர் வழக்கறிஞர்

மாணவி சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் இடம் கிடைத்த ஒருவரின் அனுபவத்தை மட்டும் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். கிளாட் விண்ணப்பக் கட்டணமே பொதுப் பிரிவினருக்கு 4000 ரூபாய். கலந்தாய்வுக்குப் போனால் ஐந்து இலக்கத் தொகை ஒன்றை முன்பணமாகக் கட்டச் சொல்வார்கள். அதன்பின் ஐந்தாண்டுக் கட்டணமும் விடுதியும் இருக்கின்றன. அந்தப் பணத்தை எங்கிருந்து புரட்டுவது என்பதை டிசம்பருக்கு முன்பே பேசிக்கொள்வது நல்லது.

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் அதனுடன் இணைந்த அரசு சட்டக் கல்லூரிகளும் நுழைவுத் தேர்வு இல்லாமல், பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைப்படியே ஐந்தாண்டுப் படிப்பில் சேர்க்கின்றன. நீலகிரியில் சட்டக் கல்லூரி இல்லை. நமக்கு அண்மையில் இருப்பது கோயம்புத்தூர். நானும் அரசுக் கல்லூரியில் படித்தவன்தான். நீதிமன்றத்தில் இதுவரை எந்த நீதிபதியும் என்னிடம் கல்லூரிப் பெயரைக் கேட்டதில்லை. உங்கள் மகள் அரசுப் பள்ளியிலேயே படித்தவர் என்றால், 2021-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டையும் கோரலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.

கிளாட், அரசுக் கல்லூரி இரண்டுக்கும் முயலுங்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று யாரேனும் கேலி செய்தால் பொருட்படுத்த வேண்டாம். கிளாட் டிசம்பரில் முடிந்துவிடும். அரசுக் கல்லூரிச் சேர்க்கை பிளஸ் டூ முடிவுகளோடு தொடங்கும்.

கொடைக்கானல் ஆசிரியர்

இருபது ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் ஆங்கிலப் பத்தியில் தெரியாத சொல் ஒன்றைக் கண்டதும் நின்றுவிடுகிறார்கள், தடுமாற்றம் அங்குதான். அகராதியைத் தூர வைத்துவிட்டு, ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை ஒரே மூச்சில் படித்து, அதன் கருத்தைத் தமிழில் நான்கு வரியில் எழுதச் சொல்லுங்கள். சொற்பொருள் பார்ப்பது அதற்குப் பிறகுதான். எழுதியதைப் பார்த்தாலே எந்த இடத்தில் புரியவில்லை என்பது தெரிந்துவிடும். நாளிதழ் வாங்க வழியில்லையென்றால் கிளை நூலகம் இருக்கிறது. 2024 மே 7 முதல் நம் இரு மலைகளுக்கும் வருவோர் இ-பாஸ் பெற வேண்டும் என்ற உயர் நீதிமன்ற ஆணை போன்ற செய்திகளை அவள் கதையாகவே அறிந்திருப்பாள்; அவற்றை ஆங்கிலத்தில் படிக்கும்போது பாதிப் பொருள் முன்கூட்டியே விளங்கிவிடும்.

இன்னொன்று. தேர்வு பிற்பகல் 2 மணிக்குத்தானே, காலையில் கிளம்பினால் போதும் என்று நினைக்க வேண்டாம். டிசம்பர் தொடக்கம் வடகிழக்குப் பருவமழைக் காலம். என் மாணவன் ஒருவன் மதுரைக்குக் காலையில் இறங்கியபோது மலைச்சாலையில் மரம் விழுந்து மூன்று மணி நேரம் பேருந்திலேயே உட்கார்ந்திருந்தான். கோயம்புத்தூரைத் தேர்வு மையமாகத் தேர்ந்தால், முந்தைய நாளே உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

கோத்தகிரித் தந்தை

மூவருக்கும் நன்றி. மகளும் உடனிருந்து படித்தாள். மரங்கள் அடர்ந்த பட்டா நிலம் காடுதான் என்று வாதாடிக்கொண்டிருக்கிறாள். ஒரே ஓர் ஐயம்: எங்களிடம் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்றிதழ் இருக்கிறது. கிளாட் விண்ணப்பத்துக்கு அது போதுமா?

குன்னூர் வழக்கறிஞர்

திருச்சியில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கென உள்ள இடங்களுக்கு அது வேண்டும். இருப்பிடச் சான்றும் சேர்த்து வையுங்கள். பிற மாநிலங்களில் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) ஒதுக்கீடு உள்ள பல்கலைக்கழகங்களுக்கு மத்திய அரசின் படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும். ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதால், வருமானச் சான்றையும் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். எந்தெந்த ஒதுக்கீட்டைக் கோருகிறீர்கள் என்பதை விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். விட்டுவிட்டுப் பின்னால் கேட்டால் வேலைக்கு ஆகாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் எத்தனை நாள் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும், திங்கட்கிழமையே போய்விடுங்கள்.